நான் நட்ட பதினொரு ஐரிஸ்

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு முறைதான் திருடியிருக்கிறேன். அதுவும் பிறந்ததிலிருந்து இருபத்து மூன்று வருஷம் நானே குடியிருந்த வீட்டில். திருடியது நகையல்ல, சைக்கிளல்ல, செடி. அந்தச் செடியையும் சரியாகத் திருடத் தெரியவில்லை என்பதுதான் இந்தக் கதை. இதைச் சொல்லிச் சிரிக்க எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உரிமை உண்டு. நானும் சிரிப்பேன். 

என் அப்பா நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த டெக்னீஷியன். ஒன்பது வருஷம் கான்ட்ராக்ட்டில் கிடந்து பெர்மனென்ட் ஆனவர். ஷிஃப்ட், சாப்பாடு, தூக்கம், மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை. இந்த நான்கைத் தவிர அவருக்கு வேறு ஆசைகள் இருப்பதாக எங்களுக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் அக்டோபரில், லீவு சலுகையில் எங்களைக் கொடைக்கானலுக்கு அழைத்துப்போனார். அங்கே நாங்கள் தங்கியிருந்த விடுதித் தோட்டத்தில் ஒரு நீலப் பூ. நாக்கை நீட்டிக்கொண்டிருப்பதுபோல் மூன்று இதழ் கீழே தொங்கும், மூன்று மேலே நிமிர்ந்து நிற்கும். பருவம் முடிந்து ஒரே ஒரு பூதான் மிச்சம். அம்மா அதன் முன்னால் போய் நின்றவள் நகரவே இல்லை. ஏரி, படகு, குதிரை எதையும் பார்க்கவில்லை. கடைசியில் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "இது நம்ம வூட்ல வருங்களா?" என்று கேட்டாள். இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அதுதான் என்று அக்கா சொல்வாள்.

அப்பா தோட்டக்காரரைப் பிடித்தார். பூவின் பெயர் ஐரிஸ் என்றார் அவர். விதையிலிருந்து வளர்க்கலாம், ஆனால் விதை குளிர் பட்டால்தான் முளைக்கும், செடிக்கும் வருஷத்தில் ஒரு குளிர்காலம் வேண்டும், பூக்க மூன்று வருஷம் ஆகும், சமவெளியில் நடக்கிற காரியமில்லை என்று அடுக்கிக்கொண்டே போனார். "கீழ உங்க ஊர்ல வராது சார். அங்க ஏது குளிரு?"

அப்பா நிதானமாகச் சொன்னார்: "எங்க ஊர்ல கரண்டு போகாது."

(நெய்வேலி டவுன்ஷிப்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய பதில் இது. தமிழ்நாடே இருட்டில் விசிறியால் விசிறிக்கொண்டிருந்த காலத்தில்கூட எங்கள் குவார்ட்டர்ஸில் ஃப்ரிட்ஜ் நின்றதில்லை.)

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவின் சட்டைப்பை புடைத்துக்கொண்டிருந்தது.

"இன்னாத்த மறைச்சி வச்சிகினு வரீங்க?" என்றாள் அம்மா.

"வெத."

"திருடனீங்களா?"

"கீழ வுழுந்துகினு இருந்துச்சி."

திருட்டு எங்கள் குடும்பத்தில் என்னோடு ஆரம்பிக்கவில்லை என்பதை இங்கே பணிவோடு பதிவு செய்துகொள்கிறேன்.

விதைகள் பழுப்பாக, பட்டாணி அளவில் கோணல்மாணலாக இருந்தன. அப்பா அவற்றை இரண்டு நாள் ஊறவைத்து, ஈர மணலோடு ஓர் ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூடி, ஃப்ரிட்ஜ் கதவில் வைத்தார். மூன்று மாதம் அது அங்கேயே இருந்தது. கிறிஸ்துமஸுக்கு வந்த அக்கா வீட்டுக்காரர் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள அந்த பாட்டிலை எடுத்து, ஒரு ஸ்பூன் மணலை வாயில் போட்டுக்கொண்டார். மாமியார் வீட்டுப் பண்டம் என்பதால் துப்பவும் முடியாமல் அவர் முழித்த முழியை அக்கா இன்றுவரை மறக்கவில்லை. அப்பா அவர் வாயைப் பற்றிக் கவலைப்படவில்லை. "வெத எதனா போச்சா பாருங்க மாப்ள" என்றார்.

ஜனவரியில் விதைகள் மரத்தட்டுக்கு வந்தன. செம்மண், மணல், இலைமக்கு எல்லாவற்றையும் அம்மாவின் மாவுச் சல்லடையில் சலித்து நிரப்பியிருந்தார். ஒரு மாதம் ஒன்றும் வரவில்லை. இன்னும் ஒரு மாதம் போனது. அம்மாவே, "வுடுங்க, போனாப் போவுது" என்று சொல்லிவிட்டாள். அதற்கு அடுத்த வாரம் ஒன்று முளைத்தது. அப்புறம் இரண்டு, ஐந்து என்று மொத்தம் பதினான்கு முளைகள் வந்தன. அப்பா அவற்றுக்குச் சுரங்கத்தின் சட்டத்தையே போட்டார். இரண்டு இலையோடு இருப்பதெல்லாம் கான்ட்ராக்ட். நாலாவது இலை வந்தால் பெர்மனென்ட். மூன்று கான்ட்ராக்ட்டிலேயே செத்துப்போயின. மிச்சம் பதினொன்றுக்கும் ஜூன் மாதத்தில், மழை பெய்த ஒரு சாயங்காலம், ஆர்டர் கொடுத்துத் தரைக்கு மாற்றினார். கொல்லைப்புறத்தில் எலுமிச்சை மரத்து ஓரமாக, தண்ணீர் தேங்காமல், சலித்த மண்ணால் மேடுகட்டிய பாத்தி.

அன்றைக்கு நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வேலைவாய்ப்புச் செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தேன் (டிப்ளமோ முடித்து மூன்றாம் வருஷம்). அப்பா மண்ணில் குந்திக்கொண்டு, எனக்குச் சொல்கிறாரா செடிக்குச் சொல்கிறாரா என்று தெரியாதபடி சொல்லிக்கொண்டே இருந்தார். "தண்டத் தொடாத, இலையப் புடி. தாய்மண்ணோட எடுக்கணும். அடியில கெழங்கு வைக்கும், அது மேல வெயில் படணும். ரொம்ப ஆழமாப் பொதைக்கக் கூடாது. கேக்குதா?"

"ம்" என்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த வருஷம் மார்கழியில் அப்பா செடிகளுக்குக் குளிர்காலம் நடத்தினார். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போவதற்கு முன் ஒரு தட்டு ஐஸ், திரும்பி வந்ததும் ஒரு தட்டு. ஒவ்வொரு செடியைச் சுற்றியும் ஐஸ் கட்டிகளை அடுக்கி, மேலே ஈரச்சாக்கைக் கூடாரம்போல் கட்டிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னண்ணே, செடிக்குக் காய்ச்சலா?" என்று கேட்பார். எனக்கு மானம் போகும். நண்பர்கள் யாராவது வந்தால் கொல்லைக் கதவைச் சாத்திவிடுவேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம், ஒருநாள் காலையில், ஐஸ் வைத்துவிட்டு வந்து ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. ஐம்பத்திரண்டு வயது. ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனபோது பாத்தியில் ஐஸ் இன்னும் உருகி முடிந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பதினொன்றையும் அம்மாதான் பார்த்துக்கொண்டாள். நெய்வேலிச் சித்திரை வெயிலை, சாம்பல் படிந்த காற்றை, எல்லாவற்றையும் தாண்டி அவற்றைப் பிழைக்க வைத்தாள். எப்படி வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை.

செத்தவர் பெயரில் குவார்ட்டர்ஸ் ரொம்ப நாள் இருக்காது. ஜூலை மாதம் காலி செய்ய வேண்டியிருந்தது. டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து என்ற ஊரில் ஒரு வாடகை வீடு பார்த்தோம். அம்மா பாத்திரம், பீரோ, சொரூபம், படுக்கை எல்லாவற்றையும் தானே கட்டினாள். என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்:

"மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். அந்தப் பதினொண்ணு மட்டும் ஒம் பொறுப்பு. அப்பா எடுத்த மாதிரி எடுக்கணும். பூ வந்ததும் கொண்டுபோயி அவரு கல்லறையில வைக்கணும். அதுக்குத்தான் இத்தினி நாளும் தண்ணி ஊத்திகினு இருக்கேன்."

"சரிம்மா."

சாயங்காலம் எடுக்கலாம் என்றிருந்தேன். சாயங்காலம் நண்பர்கள் கூப்பிட்டார்கள். காலையில் வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடலாம் என்று படுத்தேன். லாரி ஹாரன் சத்தத்தில்தான் விழித்தேன். அம்மாவும் அக்காவும் முன்னால் ஆட்டோவில் போய்விட, வீட்டை ஒப்படைக்க நான் மட்டும் நின்றேன். பட்டியலோடு வந்த அலுவலர் இரண்டு ஃபேன், நான்கு குழாய், எலுமிச்சை ஒன்று, முருங்கை இரண்டு என்று சரிபார்த்துக்கொண்டே போய், "தரையில இருக்கிற மரம் செடி எதையும் எடுக்கக் கூடாது தம்பி, ரூல்ஸ்" என்றார். மரத்தைச் சொல்கிறார் என்று எவனுக்கும் புரியும். விரலளவு செடியைக் கேட்டால் எடுத்துக்கொள் என்றிருப்பார். நான் கேட்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு லாரியில் ஏறிக்கொண்டேன். நாளைக்கு வந்து எடுத்துக்கொண்டால் போயிற்று.

வடக்குத்தில் இறங்கியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "செடி எங்கடா?"

அந்த இடத்தில் ஒரு நல்ல மகன் உண்மையைச் சொல்லியிருப்பான். சுமாரான மகன்கூடச் சொல்லியிருப்பான். நான் வாயைத் திறந்தேன். பொய் தானாக வந்தது.

"செல்வம் வூட்ல வச்சிருக்கேம்மா. ஒடனே நட்டா பட்டுப்போயிடுமாம். வேர் ஆறணும்."

செல்வம் வேறொரு பிளாக்கில் இருந்த என் நண்பன். வேர் ஆறுவது என்று ஒன்று உண்டா என்று எனக்குத் தெரியாது. அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாப் பாத்துக்கச் சொல்லு" என்றாள்.

மறுநாள் நான் போகவில்லை. அதற்கு மறுநாள் மழை. அதற்கும் மறுநாள் சைக்கிளில் அந்தத் தெருவழியே போனபோது வாசலில் வேறொரு குடும்பத்தின் சாமான்கள் இறங்கிக்கொண்டிருந்தன. மிதித்த மிதியில் மெயின் பஜார்வரை திரும்பிப் பார்க்காமல் போய்விட்டேன்.

பொய்க்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை அடுத்த ஐந்து மாதங்களில் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்ததும் அம்மா, "செல்வம் வூட்டுக்குப் போயி பாத்துட்டு வாடா" என்பாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், சுரங்கத்து மண்மேடு தெரியும் ஒரு மதகில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவேன். அம்மா வாசலிலேயே காத்திருப்பாள்.

"எத்தினி எல வந்துருக்கு?"

"ஆறு."

"எல்லாத்துக்குமா?"

"ரெண்டுக்கு மட்டும் அஞ்சு."

(எல்லாவற்றுக்கும் ஆறு என்றால் சந்தேகம் வரும் என்று அந்த இரண்டைச் சேர்ப்பேன். டிப்ளமோ வீண்போகவில்லை.)

மார்கழி வந்ததும் நிலைமை மோசமாயிற்று. "ஐஸ் வைக்கணுமேடா" என்றாள் அம்மா. வடக்குத்தில் எங்கள் வீட்டில் பாதி நாள் கரண்டே இருக்காது. நாலு மைல் தூரத்தில் கரண்டு தயாராகிறது, எங்கள் வீட்டில் மெழுகுவத்தி. ஆகவே செல்வத்தின் அம்மாவே தன் ஃப்ரிட்ஜில் ஐஸ் பிடித்துத் தினமும் வைக்கிறார் என்று சொன்னேன். அதற்கு நன்றியாக அம்மா வாராவாரம் முறுக்கு சுட்டுக் கொடுத்தனுப்பினாள். அதை மதகில் உட்கார்ந்து நானே தின்றேன். வேறென்ன செய்வது? குப்பையில் போட மனசு வரவில்லை.

"முறுக்கு புடிச்சிருந்துச்சாமா அவங்களுக்கு?"

"ரொம்ப நல்லாருந்துச்சாம்."

ஜனவரியில் அப்பாவின் வருஷப் பூசை வந்தது. அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "பூவுக்கு இன்னும் நாளாவும். அதுவரைக்கும் நான் இருப்பனோ என்னமோ. செடியாவே கொண்டாந்து அவரு தலமாட்டுல நட்டுடு. சனிக்கெழம காலையில பூச."

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்குக் கோணிப்பையும் மண்வெட்டியுமாகக் கிளம்பினேன். நேரத்தை யோசித்துத்தான் வைத்திருந்தேன். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் தூங்குவார்கள், பெண்கள் சீரியல் பார்ப்பார்கள். அப்பாவின் வேலைக்கு வாரிசு மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்த நேரம் அது. டவுன்ஷிப் செக்யூரிட்டியிடம் மாட்டினால் அந்த மனு குப்பைக்குத்தான் போகும். பின்சந்து வழியாக வந்து, எனக்குப் பழக்கமான வேலி ஓட்டையில் நுழைந்தேன். ஓட்டை அப்படியே இருந்தது. நான்தான் பருத்திருந்தேன். (எல்லாம் முறுக்கு.)

எலுமிச்சை மரத்து ஓரமாக, அதே இடத்தில், அதே மேடான பாத்தி. அதில் வாளைச் செருகிவைத்ததுபோல் பச்சை இலைகள். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து மாதம் யாரும் கவனிக்காமலேயே பிழைத்திருக்கின்றன. அப்பாவின் கை ராசி என்று நினைத்தேன். பதினொன்றுக்கு மேல், முப்பது நாற்பது இருந்தன. குட்டி போட்டிருக்கிறது என்று முடிவு செய்தேன். இலை ஒவ்வொன்றும் விறைப்பாக இருந்தது. வளர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. தண்டைத் தொடவில்லை. தாய்மண்ணோடு, சுற்றிலும் சதுரமாக வெட்டி, கட்டி கட்டியாகப் பெயர்த்தேன். ஒரு கட்டியின் அடியில் வெள்ளையாக, விரல் பருமனுக்கு வெட்டுப்பட்ட கிழங்கு தெரிந்தது. அடியில் கிழங்கு வைக்கும் என்று அப்பா சொன்னாரல்லவா? எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது. நல்லதாகப் பார்த்துப் பதினொன்றை எடுத்து, ஒவ்வொன்றையும் ஈரத்துணியில் சுற்றி, கோணியில் அடுக்கி, வந்த வழியே போய்விட்டேன். சைக்கிள் மிதிக்கும்போது ஐந்து மாதத்தில் முதல் முறையாக விசில் அடித்தேன்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். அப்பாவின் ஷிஃப்ட் ஆட்கள், அக்கா குடும்பம், காடாம்புலியூரிலிருந்து அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா. அவருக்கு முந்திரியும் பலாவும்தான் உலகம். பங்குச் சாமியார் தீர்த்தச் செம்போடு தயாராக நின்றார். நான் அப்பாவின் தலைமாட்டில் முட்டிபோட்டு, பதினொரு குழி தோண்டி, ஒவ்வொரு கட்டியாக ஈரத்துணியைப் பிரித்து வைத்தேன். வைத்ததோடு நிற்கவில்லை. சுற்றி நின்றவர்களுக்கு விளக்கமும் கொடுத்தேன். இது ஐரிஸ், மலைச்செடி, குளிர் இல்லாமல் வராது, ஐஸ் வைத்து வளர்த்தது, இலையின் விறைப்பைப் பாருங்கள், என்று. அப்பாவின் ஷிஃப்ட் ஆட்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமா மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாப்ள," என்றார், "இன்னாத்துக்கு ஒங்கப்பா தலமாட்டுல பனங்கன்ன நடுற?"

"பனையா? இது ஐரிஸ் மாமா."

"பனடா."

"ஐரிஸ் மாமா. சின்னதுல அப்படித்தான் இருக்கும்."

மாமா வாதாடவில்லை. ஒரு கட்டியை எடுத்து, மண்ணைத் தட்டி உதிர்த்தார். உள்ளேயிருந்து பனங்கிழங்கு வந்தது. வருஷா வருஷம் பொங்கலுக்கு மஞ்சள் போட்டு அவித்து, நடு நரம்பை உருவி எறிந்துவிட்டு நான் தின்கிற அதே பனங்கிழங்கு. நுனியில் நாராகப் பனங்கொட்டை வேறு தொங்கியது. அக்காவின் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்புறம் ஷிஃப்ட் ஆட்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். சாமியார் செம்பைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்தார்.

எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது வெட்கமல்ல. வெட்கம் பிறகு வந்தது. அப்பா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒன்றேகால் வருஷம் வளர்த்த செடியை, அவர் உயிரோடு இருந்தபோதும் செத்த பிறகும், ஒரு நாள்கூட நான் குனிந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை நிறமும் பதினொன்று என்ற எண்ணும்தான். 

அம்மாவைப் பார்த்தேன். அவள் அந்தக் கன்றுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமோ ஆச்சரியமோ முகத்தில் இல்லை. மாமாவின் கையிலிருந்த கிழங்கை வாங்கி என்னிடம் கொடுத்தாள்.

"நடு. வச்சது வச்சதுதான்." பிறகு சாமியாரிடம் திரும்பி, "மந்திரிச்சிடுங்க சாமி" என்றாள்.

சாமியார் பதினொரு பனங்கன்றுகளுக்கும் தீர்த்தம் தெளித்தார்.

வீட்டுக்கு வந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, அடுப்படியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, அலுவலர், செல்வம், மதகு, நேற்று வேலி ஓட்டை எல்லாம். அவள் பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படிம்மா?"

"வந்த மூணாம் நாளே நான் போயிட்டேன். துணி காயப்போடற கயித்த மறந்துட்டு வந்துட்டேன்னு. அதுக்குள்ள கான்ட்ராக்ட் ஆளுங்க வந்து கொல்லைய மொட்ட அடிச்சிட்டானுங்க. புல்லுன்னு நெனச்சி செதுக்கிக் குப்பையில போட்டுட்டானுங்க. நான் தேடிப் பாத்தேன். எல்லாம் காஞ்சி கெடந்துச்சி."

"அப்ப ஏம்மா ஒண்ணும் கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்." ஒரு குண்டானைக் கவிழ்த்து வைத்தாள். "ஒரு வாரம் முறுக்குல உப்ப அள்ளிப் போட்டேன். வாயில வைக்க முடியாது. ரொம்ப நல்லாருந்துச்சாம்னு வந்து சொன்ன."

அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கு மதகில் உட்கார்ந்து வாய்க்கால் தண்ணீரைக் குடிக்கவேண்டியதாயிற்று.

"கோவமா வந்துச்சி மொதல்ல. ஞாயித்துக்கெழம வரட்டும், இன்னிக்கிக் கேட்டுடணும்னுதான் வாசல்ல ஒக்காந்திருப்பேன். நீ வந்து ஆறு எல, ரெண்டுக்கு மட்டும் அஞ்சுன்னு சொல்லுவியா, கேட்டா அதெல்லாம் உசிரோட எங்கியோ இருக்கற மாதிரியே இருக்கும். அவரும் ஷிஃப்ட் முடிஞ்சி வந்து பாப்பாருன்னு தோணும். சரி, அடுத்த வாரம் கேட்டுக்கலாம்னு வுட்டுடுவேன்." சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப எவ வூட்டுக் கெழங்கடா அது?"

மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு பழைய குவார்ட்டர்ஸுக்குப் போனாள். அங்கே குடிவந்திருந்தது திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருவர். அப்பா சலித்துப் போட்ட மண் ஊரிலேயே பொலபொலப்பாக இருக்கவே, பொங்கலுக்கென்று ஆவணியில் அதில் பனங்கொட்டை ஊன்றியிருக்கிறார். நான் தலையைக் குனிந்தபடி திருட்டை ஒப்புக்கொண்டேன்.

"பதினோரு கெழங்கா? நீங்களா தம்பி?" அவருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. "நான் பெருச்சாளின்னுலா நெனச்சேன். பொறி வேற வாங்கி வச்சிருக்கேன். நாலு நாள் பொறுத்திருந்தீயன்னா அவிச்சே குடுத்திருப்பேனே."

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று அந்த வாசற்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். எங்களுடையதாக இருந்த வாசற்படி அது. திருநெல்வேலி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் வேலி ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை.

நான் நட்டதில் பத்து பட்டுப்போயின. பனை இடம் மாற்றினால் பிழைக்காது என்று மாமா முன்னாலேயே சொல்லியிருந்தார். ஆனால் மாமா உதிர்த்துக் காட்டி, அம்மா திருப்பி நடச்சொன்ன அந்த ஒன்று மட்டும் பிழைத்துக்கொண்டது. எனக்கு வாரிசு வேலை கிடைத்து, கல்யாணமாகி, அக்கா பிள்ளைகள் வேலைக்குப் போய், எல்லாம் ஆகிற காலத்தில் அது மெல்ல மெல்ல வளர்ந்தது. கல்லறைக் கமிட்டி இரண்டு முறை வெட்ட வந்தது. இரண்டு முறையும் அம்மா போய் அதன் அடியில் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாவது முறை அவர்கள் வரவில்லை. அம்மா இறந்த வருஷம் அவளுக்காக அப்பாவுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டியபோது, வேர் வழிமறிக்கிறது என்று வெட்டியானுக்கு அரை நாள் கூடுதலாகப் பிடித்தது. நீலப் பூவை அவள் கொடைக்கானலில் பார்த்ததோடு சரி.

எங்கள் வீட்டில் பனைமரத்துக்கு இப்போது ஐரிஸ் என்றுதான் பெயர். யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. அக்கா பிள்ளைகளாகத்தான் இருக்கும். பண்ருட்டிப் பக்கம் பஸ்ஸில் போனால், "மாமா, அங்க பாருங்க, எத்தன ஐரிஸ்" என்பார்கள். பொங்கலுக்கு அவிப்பது ஐரிஸ் கிழங்கு. கோடையில் வாங்குவது ஐரிஸ் நுங்கு. என் மனைவிகூட வந்த புதிதில் முழித்துவிட்டு, இப்போது காய்கறிக்காரரிடம் அப்படியே கேட்டுத் தொலைக்கிறாள்.

போன மாதம் என் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். மூன்றாம் வகுப்பு. பரீட்சையில் தமிழ்நாட்டின் மாநில மரம் எது என்று கேட்டதற்கு 'ஐரிஸ்' என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் தப்பு என்று சொன்னதற்கு, "எங்க தாத்தா கல்லறையில இருக்கு, நான் பாத்திருக்கேன்" என்று சண்டை வேறு போட்டிருக்கிறாள்.

"யாருங்க சார் இப்படியெல்லாம் சொல்லிக்குடுக்கறது?" என்றார் டீச்சர்.

"அது வந்துங்க, எங்கப்பா..." என்று ஆரம்பித்தேன்.  பிறகு, "தப்புதாங்க. வீட்ல திருத்திடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னும் திருத்தவில்லை.